தயக்கக் கண்ணி

நூற்றுநாற்பத்து நாலு கட்டம்.
பாலையடிக்குளத்தின் காணித்துண்டுகளை
அப்படித்தான் கணினிக்குள் இறக்கினேன்.
ஆள் திரும்பிய காணி ஒன்று,
திரும்பாதது சைபர்.

விதி சின்னது.
பக்கத்து நாலில் ஒன்றில் விளக்கெரிந்தால்
உன்னிலும் எரியலாம்,
இரண்டில் எரிந்தால் எரியவே எரியும்.
இரும்புக்குள் அணுக்கள் அப்படித்தான்
அயலைப் பார்த்துத் திசை திரும்பிக்
காந்தமாகின்றன என்றேன்.
கிராம அலுவலர் சிரித்தார்:
"அணுவுக்குக் காணி உறுதி இருக்கோ தம்பி?"

இருபது மணித்தியாலத்தில் காலியான ஊர்.
வரைபில் அது ஒரே செங்குத்துக் கோடு.
திரும்பி வந்த கோடோ
ஏழு வருடம் நீட்டிப் படுத்துக் கிடக்கிறது.
காந்தமும் போன வழியே வராது.
இந்தியப் பாடநூலில் அதற்குத் தயக்கம் என்று பெயர்,
போய்த் திரும்பும் வளையத்துக்குத்
தயக்கக் கண்ணி.

கண்ணி என்ற சொல்லை இங்கே
உரத்து வாசிக்கக் கூடாது.
மேற்கு அலைகரையில் இன்னமும்
மண்டையோட்டுப் பலகை நிற்கிறது.
புலம் என்ற சொல்லையும்தான்.
எனக்கு அது அம்புக்குறி போட்ட ஓரெழுத்து.
இவர்களுக்கு விதைக்கிற நிலம்,
பிறகு, பெயர்ந்தது.

கட்டம் ஏழு, மூன்று: தவமலர்.
சுற்றிலும் நாலு சைபர்,
அதற்கப்பால் எட்டுச் சைபர்.
விதிப்படி அவ எரியக்கூடாது.
ஏன் முதல் ஆளாய் வந்தீர்கள் என்று கேட்டேன்.
வினாக்கொத்தில் ஆறு தெரிவு:
காணி, தொழில், பாதுகாப்பு,
உறவினர், உதவித்திட்டம், வேறு.

"மாடு வந்திட்டுது.
கயிறை அறுத்துக்கொண்டு
குளத்துப் புல்லுக்கு வந்திட்டுது.
தேடி வந்தன், இருட்டிப்போச்சு, படுத்தன்.
விடிய எழும்பித் தறப்பாள் கட்டினன்."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான். நீர் வேறு எண்டு போடும்."

போட்டேன்.
சமன்பாட்டின் கடைசியில் தொங்குகிற சிறிய எழுத்து,
தளம்பல் என்று கையால் ஒதுக்கிவிடுகிற எழுத்து.
அதற்கு நாலு கால் இருந்தது,
கழுத்தில் அறுந்த கயிறு.

விலகல் தரவு, நீக்கிவிட்டு ஓட்டிப் பாரும் என்று
மேற்பார்வையாளர் எழுதினார்.
ஆயிரம் தரம் ஓட்டினேன்.
ஆயிரம் தரமும்
நூற்றுநாற்பத்து நாலு சைபர்.
பௌதிகத்தில் அதற்குச் சமநிலை என்று பெயர்.
நல்ல, அடக்கமான பெயர்.

மாட்டைத் திரும்ப உள்ளே விட்டேன்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஏழு, நாலு.
அதன்பிறகு ஒரு கடை, ஒரு கோழிக்கூடு,
யாரோ ஒருவரின் மச்சான்.
பிறகு எண்ண முடியவில்லை.
அவதி வெப்பநிலை என்று படித்திருக்கிறோம்:
அதைத் தொட்டால்
ஒரு மூலையின் அசைவு மறுமூலைக்குக் கேட்கும்.
அவதியில்தான் எல்லாரும் எல்லாருக்கும் அயல்.
அந்தச் சொல்லைத் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்
இந்தப் பக்கம் ஒருதரம் வந்து போயிருக்க வேண்டும்.

நேற்றிரவு குளக்கட்டில் நின்று
விளக்குகளை எண்ணினேன்.
எண்பத்தாறு.
எண்பத்தேழுக்கு விரல் நீட்டும்போது
மின்சாரம் போனது.
எல்லாக் கட்டமும் ஒரே கணத்தில்.
என் விதியில் இது இல்லை.
தவளைகள் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

பிறகு ஒரு டோர்ச் வெளிச்சம்.
பதினொன்று, இரண்டு.
பட்டியலில் அந்தக் காணி சைபர்:
உரிமையாளர் கனடா, தொடர்பில்லை.
வெளிச்சம் வடலிகளைத் தடவியது,
இடிந்த கிணற்றுக்கட்டில் கொஞ்சம் நின்றது,
அணைந்தது.

யானைக் காவலுக்கு வந்தவரோ,
கள்ளனோ,
உறுதியை மடித்து எடுத்துக்கொண்டு
இரவில் பார்த்துப்போக வந்தவரோ.

பேனையை மூடவில்லை நான்.